மூன்று லென்ஸ், ஒரு வேதாசலம்

வேதாசலம் உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் மூன்று லென்ஸ்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். சினிமாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எல்லோருக்கும் அதுதான் விதி. இந்த ஆண்டு மூன்றும் ஒத்துப்போகவில்லை. மனைவியைச் சாட்சிக்கு அழைத்துவரும்படி கடிதம் வந்தது.

கோடம்பாக்கம் அலுவலகத்தின் நடைபாதை போன ஆண்டைவிட நீண்டிருந்தது. காலை ஒன்பதுக்கு உள்ளே நுழைந்தவர்கள் அதிகாரியின் அறைக்கு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. வழியெல்லாம் வேதாசலம் முன்னால் நடந்தார். மனைவி மங்கையர்க்கரசி பின்னால் வந்தாள். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான்.

அவர் முப்பத்துநான்கு ஆண்டுகள் ஃபோகஸ் புல்லர். கேமராவிலிருந்து நடிகையின் கண்வரை டேப் பிடித்து அளந்து, முகம் மங்காமல் லென்ஸ் வளையத்தைத் திருப்புவது வேலை. எந்த நடிகையின் கண்ணும் அவரிடம் தப்பியதில்லை. மங்கையின் கண் என்ன நிறம் என்று கேட்டால் மனிதர் திருதிருவென்று விழிப்பார். கல்யாண போட்டோவில்கூட போட்டோகிராஃபருடைய லென்ஸின் நம்பரைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்.

அதிகாரி ஹெலன் மேடத்துக்கு இடது கண் திறக்காது. கேமராவில் பார்க்க அது தேவைப்பட்டதில்லையாம்.

"மூணு லென்ஸ்ல மூணு பேர் வர்றாங்க சார். ஒருத்தரைத்தான் வீட்டுக்கு அனுப்ப முடியும்."

"மூணும் நான்தானே மேடம்?"

"அதை நீங்க சொல்லக் கூடாது."

முதலில் புதிய தலைமுறை லென்ஸ். சுவரில் வேதாசலம் படமாக விழுந்தார். ஷேவிங்கில் தப்பிய முடி, காலர் அழுக்கு, மூலைக்கு மூலை கூர்மை. அந்த ஆள் லென்ஸையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் நான்," என்றார் வேதாசலம் பெருமையாக.

அடுத்தது நடுத் தலைமுறை. டியூப் லைட் வெளிச்சம் நீலக் கோடாகப் படத்தின் குறுக்கே ஓடியது. ஓரத்துச் சுவர்கள் வளைந்தன. அங்கே நின்றவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஷூட்டிங்குக்கு நேரமாச்சு," என்று ஃபிரேமைவிட்டுப் போய்விட்டார். ஹெலன் மேடம் பட்டியலிலிருந்து அவரை அடித்துவிட்டார்.

கடைசியாக, மேற்பூச்சே இல்லாத மிகப் பழைய லென்ஸ். ஜன்னல் வெளிச்சம் கஞ்சி கொட்டியது மாதிரி பரவியது. நடுவில் புகையாக ஏதோ நின்றது.

"இதுல ஆளே இல்ல. ரத்து பண்ணிடவா?" மேடம் முத்திரையைத் தூக்கினார்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவருக்குத்தான் கை சும்மா இருக்காதே!

"இருங்க மேடம். லென்ஸ் மேல பழி போடாதீங்க. ஃபோகஸ் ரெண்டு அங்குலம் பின்னாடி விழுது."

கேமராவில் டேப்பை மாட்டி, சுவரிலிருந்த புகையின் கண்வரை இழுத்து அளந்தார். வளையத்தைத் திருப்பினார். புகை ஆளாயிற்று. அதே வழுக்கை, அதே சட்டை. கன்னத்துச் சுருக்கங்களை மட்டும் லென்ஸ் பெரிதுபடுத்தவில்லை. சுவரிலிருந்தவர் லென்ஸைப் பார்க்கவில்லை. மங்கையைப் பார்த்தார்.

"சாப்டியா?" என்றார்.

மங்கை கைப்பையைக் கீழே வைத்தாள். "இல்லங்க. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

"உங்க வீட்டுக்காரர்னு யாரைச் சொல்றீங்க?" என்றார் மேடம்.

"இவரை." சுவரிலிருந்தவரைக் காட்டிக் கையெழுத்துப் போட்டே விட்டாள்.

வேதாசலம் குறுக்கே வந்து நின்றார். "மங்கை, அந்தாளுக்கு ஓரமெல்லாம் மசங்கியிருக்கு. நான்தான் ஷார்ப்பு. நல்லாப் பாரு!"

"பாத்துட்டேன்," என்றாள். "ரொம்பத் தெளிவாத் தெரியுறீங்க."

பழைய லென்ஸ்காரர் சுவரிலிருந்து இறங்கினார். வாசலில் கிடந்த வேதாசலத்தின் செருப்பை மாட்டிக்கொண்டார். சரியாக இருந்தது. மங்கையின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே நடந்தார். அவர்களுக்கு நடைபாதை பத்தடிதான் இருந்தது.

"மங்கை!" வேதாசலம் கத்தினார். அப்படிக் கத்தி ஒருநாளும் அவளைக் கூப்பிட்டதில்லை.

இருவரும் திரும்பினார்கள்.

"யாரும்மா அது?" என்றார் பழைய லென்ஸ்காரர்.

மங்கை கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"நம்மளுக்கு ஃபோகஸ் பண்ணிக் குடுத்தாரே, அந்த சார்."

அவர் மரியாதையாகக் கும்பிட்டார். வேதாசலமும் கும்பிட்டார்.