ஓட்டிப் பார்த்தது

ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்டான்லி வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். யார் எந்த யோசனை சொன்னாலும், முதலில் தன் கம்ப்யூட்டரில் செய்து பார்த்துவிட்டு, அடியில் 'ஓட்டிப் பார்த்தது' என்று எழுதவேண்டும். அந்த வரி இல்லாத யோசனையை யாரும் சீண்டமாட்டார்கள். எங்கோ படித்ததை அள்ளிவிடும் ஆட்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

ஆனால் இந்தச் சட்டத்தை ஆறு வருஷம் காப்பது என்பது சும்மா இல்லை. ஆபீஸ் வேலையே முதுகை ஒடிக்கும் ஐம்பத்திரண்டு வயதில், ஊரார் கேள்விக்கெல்லாம் பழைய லேப்டாப்பைத் திறந்து உட்கார யாருக்குத்தான் அலுக்காது? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செகந்திராபாத் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோது வர்ஷினி என்ற பெண் குழுவில் கேட்டிருந்தாள்: சர்வரில் இடம் நிரம்பிவிட்டது, வேண்டாத கோப்புகளை எப்படி அழிப்பது? அந்தக் கட்டளை ஸ்டான்லிக்கு மனப்பாடம். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். கட்டளையை அடித்துவிட்டுக் கடைசியில் 'ஓ' என்று தட்டியதும் 'ஓட்டிப் பார்த்தது' என்று முழுவரியையும் போனே எடுத்துக் கொடுத்தது. விரல் பழக்கதோஷத்தில் அனுப்பிவிட்டது.

மறுநாள் காலை குழு அல்லோலகல்லோலப்பட்டது. வர்ஷினியின் மூன்று வார வேலை மொத்தமும் அழிந்துபோயிருந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை.

"ஸ்டான்லி சார் ஓட்டிப் பார்க்காம போடமாட்டார். நீங்கதான் ஏதோ மாத்தி அடிச்சிருப்பீங்க" என்று கணேஷ்குமார் எழுதியிருந்தான்.

அதற்குக் கீழே அவள் பதில். "என் தப்பாத்தான் இருக்கும். சாரி சார்."

ஸ்டான்லி உட்கார்ந்து பழைய லேப்டாப்பைத் திறந்தார். அதில் வர்ஷினியின் சர்வரில் இருந்த மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டு, தான் சொன்ன கட்டளையை ஓட்டினார். பழைய பதிப்பில் குப்பையை மட்டும் அழித்த அதே வரி, இதில் எல்லாவற்றையும் துடைத்துப்போட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிட அசதியாக இருந்தது.

"கைக்கு? ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?" என்றாள் ஹைதராபாத் உருது கலந்து பேசும் மனைவி ஹில்டா. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டாளே. நக்கோ, கிளப்பாதீங்க. ஆறு வருஷப் பேரு" என்றாள்.

அவருக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. காப்பி ஆறிய பிறகு எழுதினார்: "தப்பு வர்ஷினியுடையது இல்லை. நான் ஓட்டிப் பார்க்காமலேயே பார்த்ததாகப் போட்டேன். அந்தக் கட்டளையை யாரும் தொடாதீர்கள்."

வர்ஷினி அவருக்குத் தனியாக எழுதினாள். "தேங்க்ஸ் சார். ஆனா என் தப்புன்னு மேனேஜருக்கு மெயில் போட்டுட்டேன். மத்தியானம் பேசணும்னு சொல்லியிருக்காங்க."

அவள் ஆபீஸ் ராமச்சந்திராபுரம் பக்கம், ஊரின் மறுகோடி. ஸ்டான்லி லீவு சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனார். மேனேஜர் மைதிலியின் எதிரிலேயே ஓட்டிக் காட்டினார்.

"பேக்கப் எடுத்து வைக்காதது அவ தப்பு" என்றார் மைதிலி. "ஆனா அதுக்காக வேலையை விட்டு அனுப்பமாட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் நல்லவேளையாக உட்கார இடம் கிடைத்தது. குழுவில் யாரோ கேட்ட கேள்விக்குக் கணேஷ்குமார் பதில் போட்டு, அடியில் 'ஓட்டிப் பார்த்தது' என்று எழுதியிருந்தான். அதற்கும் அடியில் ஒருவர் கேட்டிருந்தார்: "நிஜமாவா?"

அந்தக் கேள்வி வரவே கூடாது என்றுதான் ஸ்டான்லி அந்தச் சட்டத்தை வைத்திருந்தார்.