ஊர்காவற்றுறையில் கயிறுகள் முறுகிய நாள்

றஞ்சனியின் ஐந்து மாதப் பிள்ளை நிலக்சனாவுக்குக் குடல் முறுகிய காலையில், ஊர்காவற்றுறையில் இருந்த கயிறுகள் எல்லாம் முறுகின. அது 1999, வைகாசி, செவ்வாய்க்கிழமை. நங்கூரக் கயிறு, கிணற்றுக் கயிறு, ஆடு கட்டிய கயிறு என்று ஒன்றும் தப்பவில்லை. பிள்ளை பச்சையாகச் சத்தி எடுத்தது. பிறவியிலேயே குடல் இடம் மாறிக் கிடந்திருக்கிறது, இப்போது சுற்றிக்கொண்டது, பின்னேரத்துக்குள் யாழ்ப்பாணத்தில் வயிற்றைத் திறக்காவிட்டால் பிள்ளை தப்பாது என்றார் ஊர் ஆசுபத்திரி டாக்குத்தர்.

பிரிக்க முடியாத கயிற்றை வெட்டி எறிவது கடற்றொழிலாளர் வழக்கம். றஞ்சனி கடற்கரைக்குப் போய், "ஒருத்தரும் கத்தி எடுக்கக்கூடாது. கயிறு கிடக்கிறபடி கிடக்கட்டும்" என்றாள். ஏனென்று எவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய முகமாக அது இருக்கவில்லை. புருசன் சவிரிமுத்துவைக் கயிறுகளுக்குக் காவல் வைத்துவிட்டுப் பிள்ளையோடு புறப்பட்டாள்.

வழியில் படையினரின் காவல் சென்றியில் பயணப் பாஸ் கேட்டார்கள், இல்லையென்றதும் நாளைக்கு வரச் சொன்னார்கள். "இவளின்ரை குடலுக்கு நாளைக்கு எண்டு ஒண்டில்லை. நான் இப்ப போறன்." அவள் வாய் மூடுமுன் தடைமரத்தின் கயிறும் முறுகிக் குறுகி, மரத்தை மேலே தூக்கிவிட்டது. காவலுக்கு நின்ற இருவர் தொங்கிப் பார்த்தும் அது இறங்கவில்லை. றஞ்சனி திரும்பிப் பாராமல் நடந்து, அங்கால் நின்ற, மீன் ஏற்றும் வான் வண்டியில் ஏறினாள்.

சத்திரசிகிச்சை டாக்குத்தர் குடலை இடப்பக்கமாக மூன்று சுற்றுப் பிரித்தார். அதே நேரம் கடற்கரையில் கயிறுகள் மூன்று சுற்றுக் கழன்றதைச் சவிரிமுத்து கண்டான். கறுத்த குடலைச் சூடான ஈரத்துணியால் மூடிப் பார்த்திருந்தார்கள். வெளியே றஞ்சனி பயந்துதான் போயிருந்தாள், ஆனால் பயத்துக்கு உட்காரக் கதிரை கொடுக்கவில்லை. குடல் சிவந்து வந்தது. ஒரு சாண் மட்டும் கறுப்பாகவே நின்றதால் அதை வெட்டி, இரண்டு நுனியையும் சேர்த்துத் தைத்தார்கள்.

சவிரிமுத்து தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில், பொறுமை கெட்ட பஸ்ரியாம்பிள்ளை தன் நங்கூரக் கயிற்றில் ஒரு சாண் அறுத்திருந்தார். பிள்ளை வீடு திரும்பியதும் வந்து, தலை குனிந்து நின்றார்.

"பாவமன்னிப்பைச் சுவாமியாரிட்டைக் கேளுங்கோ. எனக்குப் பால் ஊறப் பால்சுறா மீன் கொண்டுவாங்கோ, பிள்ளைக்குப் பால் வேணும்" என்றாள் றஞ்சனி. அவர் ஆறு மாதம் கொண்டுவந்தார்.

பிறகு சமாதானம் வந்தது, போனது, சண்டை திரும்பி வந்தது. 2009இல் நிலக்சனாவுக்குப் பத்து வயது. நண்டுக்கறியும் புட்டும் மூன்று தரம் போட்டுத் தின்பாள். காலையில் வயிற்றுக்குத்து என்று சுருண்டு படுத்தால், தாய் கையில் அகப்பட்ட கயிறொன்றைத் தடவிப் பார்ப்பாள்.

"ஒண்டுமில்லை. எழும்பு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."