மாஸ்டர் வீட்டு ஃப்ரைட் ரைஸ்

வாணலியில் கேரட் விழுந்ததுமே உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"சத்தம் வரலே. தீய ஏத்து."

மாஸ்டரின் மனைவி தீயை ஏற்றினாள். மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தாலும் மாஸ்டருக்குக் காது மட்டும் படுக்கவில்லை. இருபத்தாறு வருஷம் ஓட்டலில் சைனீஸ் அடுப்பில் நின்றவர். வீட்டில் ஒரு நாளும் கரண்டி பிடித்ததில்லை. அவள் சமைத்ததைச் சாப்பிட உட்கார்ந்து குறை சொன்னதோடு சரி. பாராட்டுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தால் சமையல் தேறிவிட்டது என்று அர்த்தம். அப்படி அவர் எழுந்த நாட்களை அவள் விரல்விட்டு எண்ணிவிடுவாள்.

இன்று அவர்களுக்கு முப்பதாவது கல்யாண நாள். மகளும் மருமகனும் ஒரு மணிக்கு வருகிறார்கள். விசேஷ நாளுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சீன உணவுகள் என்று மகள் போனில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள்: முட்டை ஃப்ரைட் ரைஸ், காய்கறி நூடுல்ஸ், சோள சூப். நேற்று அதைப் படித்துக் காட்டியபோது மாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். எளிதென்று எழுதியவன் அடுப்புப் பக்கமே போயிருக்க மாட்டான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சோத்த இன்னிக்கே வடிச்சு ஆற வெச்சுரு. சுடுசோறு போட்டா குழைஞ்சிரும்" என்றார்.

தன் தொழில் ரகசியம் என்று அவர் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. சரியாகத் தூங்கி மூன்று மாதமான அவள் உடம்புக்கு அதிலேயே தெம்பு வந்தது. ஒரே ஒரு தடவை, அவர் வாயைத் திறக்காதபடி சமைத்துவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையில்லை.

நூடுல்ஸில் தோற்றாள். வடித்ததும் எண்ணெய் பிசற மறந்ததற்குத் திட்டு விழுந்தது. சூப்பில் சோளமாவு கட்டி தட்டியதையும் கரண்டிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். இப்போது மிச்சம் ஃப்ரைட் ரைஸ்தான்.

கேரட்டோடு பீன்ஸையும் கோஸையும் வதக்கிச் சோற்றைக் கொட்டினாள்.

"கிளறாதே. வாணலியக் குலுக்கு."

இரண்டு கையாலும் தூக்கிக் குலுக்கினாள். மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. சோறு பருக்கை பருக்கையாகத் துள்ளியது. பொரித்து வைத்த முட்டை, மிளகுத்தூள், கொஞ்சம் சோயா சாஸ், வெங்காயத்தாள். உள்ளேயிருந்து ஒரு சொல் இல்லை. வேண்டுமென்றே கரண்டியால் வாணலியைச் சுரண்டினாள். அதற்கும் இல்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னத் தட்டில் இரண்டு கரண்டி எடுத்துப் போனாள்.

"என்னங்க, ஒண்ணும் சொல்லலியே?"

மாஸ்டரின் முகம் அடுப்படிப் பக்கம் திரும்பியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. மார்பு அசையவில்லை.

தட்டோடு நின்றாள். எப்போது போனார்? முட்டை போட்டபோதா, வெங்காயத்தாள் தூவியபோதா? தான் பூரித்து நின்ற நேரத்தில் அவர் தனியாகப் போயிருக்கிறார். அந்த நினைப்பு அவளைப் பிடுங்கித் தின்றது.

ஒரு மணிக்கு வந்த மகள் கேக் பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு அலறினாள். ஓட்டல்காரர்கள் நாலு பேர் வந்து எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மாலை ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்து வீடு திரும்பினார்கள். காலையிலிருந்து யார் வயிற்றிலும் ஒன்றுமில்லை.

"அத்தை, இருக்கறதச் சூடு பண்ணட்டுமா?" என்று மருமகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். தலையாட்டினாள்.

கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகள் அவள் கையிலும் ஒரு தட்டைத் திணித்தாள். அவள் சாப்பிடாமல், மாஸ்டரிடம் தொழில் கற்ற ஓட்டல்காரரைப் பார்த்தாள்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லாருக்குக்கா" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் ஒரு வாய் வைத்தாள். சோறு உதிர் உதிராகத்தான் இருந்தது. உப்பு போடவே இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் உப்பு கேட்கவில்லை.