ஆறு சுட்ட கோடை

கட்டுப்பாட்டு அறையில் அவளை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். கொதிகலன் குழாய் வெடித்த நாளில்கூடக் கையிலிருந்த டீயைச் சிந்தாமல் எழுந்து வந்தவள் என்று பேர். நிலக்கரி அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் பொறியாளர். அப்படிப்பட்டவளே அந்தக் கோடையில் ஒருநாள் டீயைச் சிந்தினாள்.

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு ஏசி ஓட, இன்னும் கரண்டு கொடு, இன்னும் கொடு என்று மேலிடத்திலிருந்து ஓயாமல் போன். பழசும் புதுசுமாக நிலையத்தில் இருந்த இரண்டு மின்னுற்பத்தி யூனிட்டுகளும் கரியை விழுங்கி முழு மூச்சில் ஓடின.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து திரையைப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. ஆற்றிலிருந்து உறிஞ்சும் தண்ணீரின் சூடு சிவப்பில் நின்றது. டர்பைன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிரவைப்பது அந்தத் தண்ணீர்தான். அதுவே சுட்டால் என்ன செய்வது?

"மீட்டர் கோளாறா இருக்கும். எதுக்கும் நேர்ல போய்ப் பாத்துட்டு வாம்மா," என்றார் மேலாளர்.

போனாள். கரையில் காவலர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். நிலையத்துத் தண்ணீர் திரும்ப ஆற்றில் விழும் இடத்தில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. அதற்கு மேலே, ஆறு வரும் பக்கமாகப் போய்க் கையை விட்டாள். அங்கேயும் குளிக்கக் காய்ச்சிய வெந்நீர் போலிருந்தது.

"ஒரு யூனிட்டை நிறுத்தணும் சார்," என்றாள், திரும்பி வந்து மேலாளரிடம்.

"இந்த வெயில்லயா? ஊரே நம்மளத் திட்டித் தீத்துடும்."

"இந்தச் சூட்டுத் தண்ணி ரெண்டையும் குளிர வைக்காது. நிறுத்தலைன்னா அதுவா நின்னுடும். கூடவே இன்னொண்ணும் போயிடும்."

மேலாளர் எதையோ முணுமுணுத்துவிட்டுத் தலையாட்டினார். யூனிட் நின்றது. பாதி ஊருக்கு மின்சாரம் போனது. சற்று நேரத்தில் தங்கையின் போன்.

"அக்கா, கரண்டு போச்சு. பாப்பா துவண்டு கெடக்கா. உங்க ஆளுங்ககிட்ட சொல்லிப் போடச் சொல்லேன்."

"நிறுத்தினதே நான்தான்டி."

மறுமுனையில் குழந்தை ஈனமாக முனகியது. அப்போதுதான் அவள் கையிலிருந்த டீ மேசையில் சிந்தியது.

"மாடில இருக்காதே, கீழ் வீட்டுக்கு எறங்கு. ஈரத்துணியால ஒத்திக்கிட்டே இரு. பால் குடிக்கலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடு. எனக்காகக் காத்திருக்காதே."

ஷிஃப்ட் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். குழந்தைக்கு மருந்து ஏற்றியிருந்தார்கள், பிழைத்துக்கொண்டாள். தங்கை புருஷன் ஏசி மெக்கானிக். "எங்க ஏசிக்கு உங்க கரண்டு, உங்க கரியால எங்களுக்கு வெயில். நல்ல சம்பந்தம்!" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"நெஜமாவே அந்தக் கரியாலதான் ஆறு சுடுதாக்கா?" என்றாள் தங்கை.

"எங்க கரி மட்டுமில்ல. உலகம் பூரா எரிக்கிற கரி, பெட்ரோல், டீசல், கேஸ் எல்லாந்தான். அதுலேர்ந்து வர்ற வாயு கண்ணுக்குத் தெரியாது. மேல போய்த் தங்கிட்டு, பூமியோட சூட்டை வெளிய விடாம பிடிச்சுக்குது. வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுது."

"தெரிஞ்சேவா எரிக்கிறீங்க?"

"தெரிஞ்சேதான்."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குக் கிளம்பும்போது குழந்தையை நீட்டி, "பிடி, கை மரத்துப்போச்சு," என்றாள்.

மழை வந்து ஆறு ஆறியது. நின்ற யூனிட் மறுபடி ஓடத் தொடங்கியது. அடுத்த கூட்டத்தில், குளிர்ந்த தண்ணீர் கிடைக்க உறிஞ்சும் குழாயை ஆற்றின் ஆழத்துக்கு நீட்டிவிடலாம் என்றார்கள். வழக்கமாகக் கூட்டங்களில் வாயைத் திறக்காதவள் எழுந்தாள்.

"நீட்டலாம் சார். ஆறு அதையும் தாண்டிச் சூடாகும். பழைய யூனிட்டை எப்ப மூடுறதுன்னும் பேசுவோம். கரிச் சாம்பல் கொட்டுன மேட்டுல சோலார் போட எடம் கெடக்கு."

யாரோ ஒருவர் சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை. "உக்காந்து சொல்லும்மா," என்றார்.

அன்று குழாயை நீட்டத்தான் முடிவானது. பழைய யூனிட்டை மூட இன்னும் இரண்டு கோடைகள் வந்துபோக வேண்டியிருந்தது.