பவளம் வளராத காரணம்

கண்ணாடிக்காரர் வீட்டுக் கூடத்தில், டிவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டிக் கடல் இருந்தது. சுவரை அடைத்தாற்போல் ஒரு தொட்டி. அதற்குள் உப்புத் தண்ணீர், பாறைகள், நீல வெளிச்சம், கிளைகிளையாய்ப் பவளங்கள். நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணுக்கு லென்ஸ் தேய்த்துவிட்டு வரும் மனிதர், வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தொட்டியைத்தான் எட்டிப் பார்ப்பார்.

"முதல்ல எங்க முகத்தைப் பாருங்க. அதுங்க எங்கேயும் ஓடிப் போயிடாது" என்பாள் மனைவி. கோபமில்லை, தினப்படி கேலிதான்.

தொட்டியில் எத்தனையோ இருந்தாலும் அவர் உயிரை வைத்திருந்தது ஒரு பவளத்தின் மேல். மான்கொம்பு போலக் கிளைவிடும் வகை. வாங்கும்போது சுண்டுவிரல் அளவில், வெறும் பச்சையாக இருந்தது. இங்கே வந்து வேர்பிடித்த பிறகு அதன் ஒரு பக்கம் தானாகவே செம்மஞ்சளாக மாறிவிட்டது. பச்சையும் செம்மஞ்சளும் ஒரே கிளையில், யாரோ வண்ணத் தூரிகையை உதறிவிட்டுப் போனது மாதிரி. இப்படி ஒன்றை அவர் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

"இப்போ யாருக்கும் காட்டாதீங்கண்ணே. நல்லா வளரட்டும், அப்புறம் ஊரையே கூட்டிக் காட்டலாம்" என்று சொன்னவன் சகலை.

சகலை என்றால் அவர் மனைவியின் தங்கை கணவன். ஏ.சி. மெக்கானிக். தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரத்தைத் தன் கையாலேயே பொருத்திக் கொடுத்தவன். அவன் வீட்டிலும் இதே மாதிரி ஒரு தொட்டி இருந்தது. கண்ணாடிக்காரரும் மனைவியும் பகலில் வேலைக்குப் போய்விடுவார்கள். குறைந்த தண்ணீரை நிரப்பவும் இயந்திரம் ஓடுகிறதா என்று பார்க்கவும் அவனிடம் வீட்டுச் சாவி ஒன்று இருந்தது. கூடப் பிறந்தவன் இருந்தால்கூட இவ்வளவு செய்ய மாட்டான் என்று கண்ணாடிக்காரர் கடையில் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பவளம் வளரவில்லை. உள்ளங்கை அளவுக்கு வந்ததோடு சரி, அப்புறம் அசையவே இல்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. விடுமுறை நாளெல்லாம் சின்னச் சின்னக் குப்பிகளில் தண்ணீரை மொண்டு, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மனைவி பக்கத்தில் நின்று கை துடைக்கத் துண்டு எடுத்துக் கொடுப்பாள். உப்பு சரி. சுண்ணாம்புச் சத்து சரி. காரத்தன்மையும் சரி.

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல். நோயாளி மட்டும் எழுந்து உக்கார மாட்டேங்கிறான்" என்று சகலையிடம் புலம்பினார்.

"லைட்டு பழசாயிடுச்சுண்ணே" என்றான் அவன். லைட்டை மாற்றினார். "தண்ணி ஓட்டம் பத்தலை." வேறு மோட்டார் வைத்தார். "காரத்தைக் கொஞ்சம் ஏத்திப் பாருங்களேன்." ஏற்றினார். அது வினையாய் முடிந்தது. பாறையின் இன்னொரு மூலையில் நன்றாக இருந்த ஊதாப் பவளம் நுனி கருகி, சதை உரிந்து, வெள்ளை எலும்பாய் நின்றது. அதை வெளியே எடுத்துப் போட்டார். தன் அவசரம்தான் அதைக் கொன்றது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒருநாள் கடையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்தார். வளரும் பவளத்தின் நுனி வெளுத்து உருண்டையாக இருக்க வேண்டும். இதன் நுனிகள் மொட்டையாக இருந்தன. சகலையை வரவழைத்துக் காட்டினார். அவன் வெகுநேரம் தொட்டியையே பார்த்தான்.

"கடி வாங்கியிருக்குண்ணே. இந்த ஏஞ்சல் மீனு வேலைதான்."

அந்த மீன் மகளுடையது. மூக்கன் என்று பேர் வைத்திருந்தாள். கண்ணாடியில் விரலை வைத்தால் வந்து முட்டும். "அவன் கடிக்க மாட்டான்பா" என்று அழுதாள். அவர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வாளியில் பிடித்து மீன் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். "அனுப்பித்தான் ஆகணுமா?" என்று மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள். மகள் அப்புறம் கூடத்துப் பக்கமே வருவதில்லை, அறைக்குள்ளேயே சாப்பிட்டாள்.

மீன் போயும் பவளம் வளரவில்லை.

உண்மை ஒரு மத்தியான வேளையில் கடைக்கு வந்தது. கணக்கு டீச்சர் ஒருவர் கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி போட வந்திருந்தார். எழுத்து அட்டையை வாசித்துக் காட்டிவிட்டு, "எழுத்து பரவாயில்லைங்க. வீட்டுல மீன் தொட்டி வெச்சிருக்கேன், அதுல பவளம். அதோட நுனிதான் மங்கலாத் தெரியுது" என்றார்.

கண்ணாடிக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நானும் வெச்சிருக்கேன் டீச்சர்."

"அப்படியா? இதைப் பாருங்க." டீச்சர் கைப்பேசியை நீட்டினார். பச்சையும் செம்மஞ்சளும் ஒரே கிளையில்.

அவர் படத்தைப் பெரிதாக்கினார். செம்மஞ்சள் தெறித்திருந்த விதம்கூட அப்படியே. "இது எங்கே கிடைச்சது?"

"பவளம் வளர்க்கிறவங்க வாட்ஸ்அப் குழு ஒண்ணு வெச்சிருக்கோம். அதுல ஒருத்தர் இருக்காரு, ஏ.சி. மெக்கானிக். அவர் தொட்டியில தானா உண்டான நிறமாம். ஆசைப்பட்டுக் கேட்டா ஒரு துண்டு ஒடிச்சுக் குடுத்துடுவாரு. அஞ்சாறு வீட்டுல வளருது. தங்கமான மனுஷன்."

கண்ணாடிக்காரர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அப்போதே எழுந்து போக வேண்டும் போலிருந்தது. இருந்தாலும் வந்தவரை அரைகுறையாக அனுப்பக் கூடாது என்று லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, அளவை முடித்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். பிறகு கடையை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு நேரே சகலை வீட்டுக்குப் போனார்.

சகலை பால்கனியில் ஏ.சி. வலையைக் கழுவிக்கொண்டிருந்தான். கூடத்தில் அவன் தொட்டி. அவன் எத்தனையோ மாதங்களாக, "தண்ணி கலங்கியிருக்குண்ணே, அப்புறம் வாங்க" என்று தள்ளிப்போட்ட தொட்டி. பெரிய பவளம் ஒன்றுகூட அதில் இல்லை. வெறும் பாறை, அதன்மேல் வரிசையாக ஒட்டிவைத்த சின்னத் துண்டுகள். எல்லாம் பச்சையும் செம்மஞ்சளும்.

"நீயா ஒடிச்சே?"

"யாருண்ணே சொன்னா?" என்றான் அவன். வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

குழாயை மூடிவிட்டு அவனே பேசினான். "என் தொட்டியில குளிர் மிஷின் நின்னு போச்சுண்ணே. ஒரே நாள்ல எல்லாம் வெந்து போச்சு. ஏ.சி. மெக்கானிக் வீட்டுல மிஷின் நின்னுச்சுன்னா ஊர் சிரிக்காதா? ஒரே ஒரு துண்டுதான் எடுத்தேன். படம் போட்டதும் குழுவில தலையில தூக்கி வெச்சுக்கிட்டாங்க. எனக்கும் எனக்கும்னு கேட்டாங்க. அப்புறம் விட முடியல."

"என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"குடுத்திருப்பீங்க. அப்புறம் அது நீங்க குடுத்ததா ஆயிடுமே."

கண்ணாடிக்காரர் விரல் விட்டு எண்ணினார். "லைட்டை மாத்துன்னே, மாத்தினேன். காரத்தை ஏத்துன்னே, ஒண்ணு செத்தே போச்சு. மீன் மேல பழியைப் போட்டு என் பொண்ணை அழ வெச்சே."

"நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்கண்ணே. ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன்." அவன் ஈரக்கையை லுங்கியில் துடைத்தான். "ஒடிச்சது மறுபடி வளரத்தானே போகுது. அண்ணியே பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாததால, நீங்களும் பெருசா எடுத்துக்க மாட்டீங்கன்னு..."

"அவளுக்குத் தெரியுமா?"

சகலை குனிந்து வலையைக் கையில் எடுத்துக்கொண்டான். கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். அவன் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து வைத்தான். அவர் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சாவியை அவள் எதிரில் வைத்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"தலைவலின்னு ஒருநாள் பாதியில வந்தேன். தொட்டிக்குள்ள கையை விட்டுக்கிட்டு நின்னாரு. காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினாரு, இனிமே செய்ய மாட்டேன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சா ரெண்டு வீட்டுக்கும் ஆகாமப் போயிடும். என் தங்கச்சி என்ன பண்ணுவா?"

"மீனை அனுப்பினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவள் சட்டையை மடியில் வைத்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"முன்னாடி" என்றாள் கடைசியில்.

"பக்கத்துல நின்னு துண்டு எடுத்துக் குடுத்தியே. நான் முட்டாள் மாதிரி சொட்டு எண்ணிக்கிட்டிருந்தேன்."

"ஒரு பவளத்துக்காக என் தங்கச்சியை விட்டுடச் சொல்றீங்களா?"

"தங்கச்சியை விடச் சொல்லலை. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்னு சொல்றேன்."

அவள் அழுதாள். அவர் சமாதானப்படுத்தப் போகவில்லை. மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மீன் கடிக்கவில்லை, அப்பாதான் தப்பாக நம்பிவிட்டேன் என்று சொன்னார். யாரைத் தப்பாக நம்பினார் என்பதைச் சொல்லவில்லை. மறுநாள் அப்பாவும் மகளும் மீன் கடைக்குப் போனார்கள். மூக்கனை யாரோ எப்போதோ வாங்கிப் போயிருந்தார்கள்.

பவளம் வளரத் தொடங்கியது. மொட்டையாக நின்ற ஒவ்வொரு கிளையிலும் வெள்ளை நுனி முளைத்தது. இப்படி ஒரு நாளுக்காக எவ்வளவோ ஏங்கியவர்; இப்போது பார்த்துவிட்டு, சரி என்று நகர்ந்துவிட்டார். சகலை இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினான். படித்தார், பதில் போடவில்லை. அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொள்வார்கள். அவர் தலை தெரிந்ததும் பேச்சு சமையல் விஷயத்துக்குத் திரும்பும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீடு பழையபடிதான் இருந்தது. அவளும் வலிய வந்து பேசினாள், அவரும் முகம் கொடுத்துத்தான் பேசினார். ஒரு காலை, எல்லோரும் கிளம்பி வாசலில் நிற்கும்போது, "கேஸ் மூடிட்டியா?" என்று கேட்டார்.

"மூடிட்டேங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். மனைவி வாசலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.