அவளா சொன்னா?

பள்ளிக்கூட ஹாலில் காலை ஒன்பது மணிக்கே வரிசை கதவைத் தாண்டிவிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒரு பக்கம் நோட்டுப் புத்தகம், நடுவில் பை, கடைசி பெஞ்சில் ஷூ. தரையில் ஒரு காலை மடித்து ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார் அவர். அளவுப் பலகையில் ஒரு பாதத்தை வைப்பது, குதிகாலை ஒட்டித் தள்ளுவது, பெருவிரலைத் தொட்டுப் பார்ப்பது, "இரண்டு", "மூணரை" என்று பின்னால் பெட்டி எடுத்துத் தருகிறவரிடம் சொல்வது. வாரத்தில் ஆறு நாள் செருப்புக் கடையில் செய்கிற வேலைதான். ஏழாவது நாள் இங்கே சும்மா செய்தார். கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இங்கே ஷூ அண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூப்பிடுதலுக்காகவே ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விடலாம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சிறுமிக்கு எட்டு வயதிருக்கும். பெஞ்சில் ஏறி உட்கார்ந்தவள் காலை நீட்டவில்லை.

"சாக்ஸோடவே போடுங்க மாமா."

"சாக்ஸோட அளந்தா நாளைக்கு ஷூ உன்னைக் கடிக்கும். அப்புறம் என்னைத் திட்டுவே." சொல்லிக்கொண்டே பேச்சுவாக்கில் சாக்ஸை உருவிவிட்டார். கை பழகிய வேகம்.

பாதத்தைத் திருப்பியவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாகக் கால் பார்க்கிறவர். ஆணி தெரியும், பித்தவெடிப்பு தெரியும், செருப்புக் கடி தெரியும். உள்ளங்காலின் குழிவில் இருந்தது இதில் எதுவும் இல்லை. சின்னச் சின்ன வட்டங்கள். நாலு காய்ந்து வெளுத்திருந்தன. இரண்டு இன்னும் ஈரமாக இருந்தன. அவரும் ஒரு காலத்தில் சிகரெட் பிடித்தவர்தான்.

"என்ன பாப்பா இது?"

"கல்லு குத்திடுச்சு."

"கல்லு இவ்வளவு வட்டமாவா குத்தும்? யாரு செஞ்சது?"

அவள் காலை இழுத்துக்கொண்டாள். பின்னால் வரிசை முட்டியது. பிறகு குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க மாமா" என்றாள்.

"சொல்லவே மாட்டேன். சத்தியமா."

அரை அளவு பெரிதாக ஒரு ஜோடி எடுத்து, உள்ளே வைக்கிற பஞ்சு அட்டை இரண்டு போட்டுக் கொடுத்தார். அடுத்த பையன் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

பத்து மணிக்கு மேல் வெளியே தண்ணீர்க் குழாயடிக்குப் போனபோது, கேட்டருகில் அவளைக் கூட்டிப்போக வந்த அப்பா நின்றிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். மடிப்புக் கலையாத சட்டை. மகளின் புத்தகப் பையைத் தானே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்று இரண்டு தடவை சொன்னான். இவ்வளவு மரியாதையான மனிதனிடம் பேசினால் கேட்பான் என்று தோன்றியது அவருக்கு. போலீஸ், கேஸ் என்று ஒரு குடும்பத்தைத் தெருவுக்கு இழுப்பானேன்? எத்தனை முரட்டு வாடிக்கையாளரை நாக்காலேயே வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

அவனைச் சற்றே தள்ளிக் கூட்டிப்போனார். "தப்பா நினைக்காதீங்க. பாப்பா பாதத்தைப் பாத்தேன். நானும் ரெண்டு பிள்ளை பெத்தவன், கோவம் வரும். ஆனா பச்சப் பிள்ளைங்க."

அவன் தரையைப் பார்த்தான்.

"அவளா சொன்னா?"

"யார் சொன்னா என்னங்க? இனிமே வேணாம், அவ்வளவுதான்."

அவன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "என் கண்ணைத் தொறந்துட்டீங்கண்ணே" என்றான். மகளின் தலையில் கை வைத்து நடத்திக் கூட்டிப்போனான். அன்று மதியம் வீட்டில் அவர் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டார். ஒரு காரியத்தை நாலு பேருக்குத் தெரியாமல் நல்லபடியாக முடித்த நிறைவு.

அடுத்த ஞாயிறு, விடுபட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நாள். கூட்டம் இல்லை. ஒரு பெண் வந்து பெஞ்சருகில் நின்றாள். சலவைக் கடையில் வேலை செய்கிறவள் என்பது நீரில் ஊறி வெளுத்த விரல்நுனிகளில் தெரிந்தது. இடது மணிக்கட்டைத் துணியால் இறுகக் கட்டியிருந்தாள்.

"நீங்கதான் ஷூ அண்ணனா?"

"ஆமாம்மா. பிள்ளை எங்க?"

"நீங்க எனக்கு ஒரு உதவி செய்யணும்." மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள் போல நிறுத்தாமல் பேசினாள். "அவ உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலைன்னு அவர்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாரு. ஆறு நாளா அவளும் அதையேதான் சொல்றா. நான் சொல்லலப்பா, நான் சொல்லலப்பான்னு. தொண்டை கட்டிப்போச்சு அவளுக்கு."

அவருக்குக் கையிலிருந்த ஷூவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"பாப்பா இப்ப எப்படி இருக்கா?"

"நிக்க முடியல."

சற்றுத் தள்ளி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் இந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கெல்லாம் பொறுப்பாளரான நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த மேசைக்கு நடந்தது ஷூ அண்ணனுக்கு நெடுந்தூரமாக இருந்தது. சொல்லி முடிக்கும்வரை நர்ஸம்மா குறுக்கே பேசவில்லை.

"என்னைக்குப் பாத்தீங்க?"

"போன ஞாயித்துக்கிழமை."

"போன ஞாயித்துக்கிழமை நான் இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். உங்களுக்கும் எனக்கும் நடுவுல பத்தடி இருக்குமா?"

அவர் கையிலிருந்த ஷூவை மேசையில் வைத்தார்.

"சேர்ந்தன்னைக்கு ஒரு தாள் கொடுத்தேனே. பிள்ளைகிட்டத் துருவிக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுக்காதீங்க, வீட்டாள்கிட்டப் போய் நிக்காதீங்க, அன்னைக்கே என்கிட்ட வாங்கன்னு. கையெழுத்துப் போட்டீங்க."

போட்டிருந்தார். அட்டைப் பெட்டி இறக்கும் அவசரத்தில், முன்னால் நின்றவரின் முதுகில் தாளை வைத்து, படிக்காமல் போட்ட கையெழுத்து.

நர்ஸம்மா அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தொலைபேசியை எடுத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தை அழைத்தார். அந்தப் பெண்ணைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "உங்க மேல தப்பில்லம்மா. இப்ப நீங்க தனியா வீட்டுக்குப் போக வேணாம்" என்று அவர் சொன்னபோதுதான் அந்தப் பெண் முதல்முறையாக அழுதாள்.

மதியத்துக்குள் அதிகாரிகள் வீட்டுக்குப் போய்ச் சிறுமியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அங்கிருந்து ஒரு காப்பகம். தாய்க்கு வாரத்துக்கு ஒரு தடவை பார்க்க அனுமதி. அப்பாவை இரண்டு நாள் வைத்திருந்து ஜாமீனில் விட்டார்கள். விசாரணை முடியும்வரை அவன் அதே வீட்டில், அதே வேலையில். பள்ளிக்கூடம், சிநேகிதிகள், படுக்கை எல்லாம் விட்டுப்போனது அவள்தான். தாய் சலவைக் கடை முதலாளியின் பின்கட்டில் இடம் கேட்டுப் படுத்துக்கொண்டாள்.

அவர் நடந்ததை எழுதிக் கொடுத்தார். தான் சொன்ன வார்த்தைகளையும் விடாமல் எழுதினார்.

"ஒரு தடவை பாப்பாவைப் பாத்து, நான்தான் தப்பு பண்ணேன்னு சொல்லணும்மா" என்றார் நர்ஸம்மாவிடம்.

"அது உங்க மனசு ஆறுறதுக்கு. அவளுக்கு அதால என்ன?" என்றார் நர்ஸம்மா. பிறகு, "இனிமே கொஞ்ச நாளைக்குப் பெட்டி இறக்குங்க. பிள்ளைங்க பக்கம் வேண்டாம். பயிற்சிக்கு மறுபடி உக்காருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டி இறக்கினார். பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். வீட்டில் மகள் காலை நீட்டி உட்கார்ந்தால் எழுந்து வேறு பக்கம் போனார். "என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று மனைவி கேட்டதற்கு, "முட்டி வலி" என்றார்.

இரண்டு மாதம் போயிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம், கடையில் நிற்க இடமில்லை. மேனேஜர் கல்லாவிலிருந்து கை தட்டினார். "தம்பி, அங்க சாரைக் கவனி."

முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவர், சட்டையின் மடிப்பைத்தான் முதலில் பார்த்தார். அவன் அவரைத் தேடி வந்தவனாகத் தெரியவில்லை. ஒரு கணம் யோசித்து, பிறகு அடையாளம் தெரிந்து, தலையை லேசாக ஆட்டினான்.

"புதன்கிழமை விசாரணைக்குப் போகணும். பாக்கறதுக்கு மரியாதையா இருக்கணும். கறுப்புல காட்டுங்க."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். மேனேஜரின் கண் இந்தப் பக்கமே இருந்தது. அவன் தானாகவே சாக்ஸைக் கழற்றிக் காலை நீட்டினான். நகம் ஒழுங்காக வெட்டிய, மாசுமருவற்ற பாதம். அவர் தரையில் முழங்காலை ஊன்றி அதைக் கையில் வாங்கினார்.

"பாத்து, மெதுவா போடுங்க" என்றான் அவன். "எனக்குக் காலு சீக்கிரம் வலிக்கும்."