முதலாளியின் எச்சில்

போட்டோவுக்காக முதலாளி கையுறையைக் கழற்றியபோது நான் தடுக்கவில்லை. அது என் ஆய்வகம், தடுத்திருக்க வேண்டும். பழைய எலும்பில் மூச்சு பட்டாலே நம் டிஎன்ஏ ஒட்டிக்கொள்ளும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் நான். அவர் வெறும் கையால், சுரங்கத்தில் தோண்டியெடுத்த கைக்குழந்தையின் மண்டையோட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"தொட்டவங்க எச்சில் குடுத்தாகணும் சார். உங்களோடது எது, எலும்போடது எதுன்னு பிரிக்கணும்ல?"

பஞ்சுக் குச்சியை அவரே கன்னத்துக்குள் துழாவிக் கொடுத்தார்.

அவருடைய பாட்டனுக்கு அப்பன் நடத்திய சுரங்கம். கடல் தாண்டிக் கூட்டிவந்த கூலிகள் எல்லோரும் பத்திரமாக ஊர் திரும்பினார்கள் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கதை. அங்கே மண்ணைத் தோண்டினால் எலும்பாக வந்தது. அவர்கள் எந்த ஊர் மனிதர்கள் என்று கண்டுபிடிப்பது என் வேலை. சொந்தக்காரர்கள் கிடைத்தால் எலும்புகளை அவர்களிடமே ஒப்படைப்போம் என்று மேடையில் அறிவித்தவரும் முதலாளிதான். யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம்.

என் அம்மாவைப் பெற்ற பாட்டியின் சித்தி அந்தச் சுரங்கத்துக்குப் போனவள். எவனோடோ ஓடிவிட்டாள் என்று கம்பெனி ஆள் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனான். பாட்டியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைச் சொல்லியே எழுந்து போனார்களாம். அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் வந்திருக்கிறது.

முடிவுகள் வந்ததும் அவரை அழைத்தேன். மண்ணுக்குள் அந்தக் குழந்தையை அணைத்தபடி கிடந்த பெண் அதைப் பெற்றவள். எலும்பைத் தொடுகிறவர்கள் என்பதால் ஆய்வகத்தில் வேலை செய்கிற எங்கள் எல்லோருடைய எச்சில் மாதிரியும் ஒப்பிட இருக்கும். அவளுடைய தாய்வழி என்னுடையதோடு பொருந்தியது. குழந்தை ஆண். அதன் தந்தைவழி முதலாளியுடையது.

"நான் தொட்டதுல ஒட்டியிருக்கும்" என்றார்.

"புது டிஎன்ஏ முழுசா இருக்கும் சார். இது நைஞ்சுபோன பழசு."

அவர் முகம் செத்துப்போனது. மனசு குளிர்ந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"அந்தப் பொண்ணு உங்க சொந்தம்னா ரெண்டையும் நீங்களே எடுத்துக்கோங்களேன் மேடம். குழந்தை விஷயம் வெளிய வேணாமே."

"அவங்கள நான் எடுத்துக்கறேன். புள்ளைய அப்பன் வீடுதான சார் எடுக்கணும்?"

சின்ன அட்டைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன். பக்கத்தில் ஒரு ஜோடி புதுக் கையுறையும் வைத்தேன். கதவுக்கு வெளியே அதே போட்டோக்காரர் நின்றிருந்தார், நான்தான் வரச்சொல்லியிருந்தேன். முதலாளியின் இரண்டு கைகளும் மேஜைக்கு அடியில் இருந்தன.